வளர்ச்சியும் கிணற்று நீரும்

ஒரு தேசம் போரினின்று மீண்டு வளர்ச்சியுறுகின்றதா என அறிய விரும்புவோர் முதலில் நோக்குவன வீதிகளும் பாலங்களும் புகையிரதப் பாதைகளுமேயாம். அவை கண்ணுக்குத் தெரிவன. மைற் கணக்கிலும் ரூபாய்க் கணக்கிலும் எழுதிக் காட்டத்தக்கன. நாடா வெட்டித் திறந்துவைக்கவும் பெயர்க்கல் நாட்டவும் ஏற்றன. 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிவுற்றபின் யாழ்ப்பாணக் குடாநாடு பெற்ற இத்தகைய பேறுகள் சிலவல்ல. கண்டி வீதி என எம் மூத்தோர் வழங்கிய ஏ-9 பெருந்தெரு சீனக் கடனுதவியாற் புதுக்கப்பட்டது. 2011 ஜனவரியிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதனாற் பூநகரி வழியே பெருநிலத்தை அடைய மற்றொரு வாயில் கிடைத்தது. 1990இல் அறுந்துபோன புகையிரதத் தொடர்பு, இந்தியக் கடனுதவியுடன், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரியிற் காங்கேசன்துறையையும் மீண்டும் எட்டியது. 2019 ஒக்டோபரிற் பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாயிற்று. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்து சேர்ந்தது.

இவற்றைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. இருபத்துநான்கு ஆண்டுகளாகத் தண்டவாளத்தையே காணாத நகரத்தில் ஒரு தலைமுறை புகையிரதத்தைப் படத்திலே மாத்திரம் பார்த்து வளர்ந்தது. முதல் வண்டி வந்த நாளில் மக்கள் கூடி நின்று மகிழ்ந்தது முற்றும் நியாயமே. வீதியின் அருமையை, வீதி அடைபட்டிருந்த காலத்தில் நோயாளியைக் கொண்டுசென்றவர்களிடம் கேட்டறிதல் வேண்டும். எனினும், இவ்விழா மலரைப் படிக்கும் பழைய மாணவரும், ஆசிரியரும், இன்று வகுப்பிலிருக்கும் மாணவரும் ஒரு கணம் நின்று சிந்திக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. நிலத்தின்மேல் இடப்பட்டவற்றையே வளர்ச்சியெனக் கணக்கிட்டு வந்துள்ளோம். குடாநாட்டின் முதலோ நிலத்தின் கீழே கிடக்கின்றது.

அம்முதல் யாதென்பது திருநெல்வேலியிற் பிறந்தவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் வற்றாது ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே எமக்குள்ள பெரும் வருவாய். ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரையிலாம். அம்மழையில் ஒரு பங்கு செம்மண்ணின் ஊடாக இறங்கி, கீழுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. அங்கு ஏற்கெனவே கடல்நீர் புகுந்து நிற்கின்றது. நன்னீர் உப்புநீரிலும் இலேசானதாதலின் அதன்மேல் மிதக்கின்றது. ஒல்லாந்தப் பொறியியலாளர் ஒருவரும் ஜேர்மானியர் ஒருவரும் தத்தம் நாட்டுக் கடற்கரைகளில் ஆராய்ந்து தனித்தனியே கண்ட கணக்கொன்று உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது அது. வெடிப்புகள் நிறைந்த எமது கல்லில் இக்கணக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாது. ஆயினும் அது உணர்த்தும் எச்சரிக்கை பொருந்தும். கிணற்றின் நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்துபவன், கீழேயுள்ள உப்பைப் பன்மடங்கு உயர்த்துகின்றான். புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதை ஆச்சரியமெனக் காட்டுவார்கள். உண்மையில் குடாநாட்டின் கிணறுகள் பலவற்றின் நிலைமை அதுவே. நிலாவரை ஆழமானதாதலின் அது கண்ணுக்குப் புலனாகின்றது, அவ்வளவே.

இனி, இந்நீரை எம் முன்னோர் காத்துவைத்தது எங்ஙனம் என்பதைச் சற்று விரிவாக ஆராய்தல் தகும். அவர்கள் சுற்றாடல் அறிவு மிக்கவர்கள், இயற்கையை வழிபட்டவர்கள் என்றெல்லாம் மேடைகளிற் கேட்கின்றோம். அஃது ஓரளவே உண்மை. நீரைக் காத்தது பெரும்பாலும் மனிதனின் காற்களைப்பேயாம். ஆடுகாலில் ஏற்றிய துலாவின்மேல் ஆட்கள் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். கிணற்றடியில் நிற்பவர் பட்டையைப் பிடித்துத் தண்ணீரை ஊற்றுவார். வேறொருவர் மண்வெட்டியுடன் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். விடியற்புறத்திற் தொடங்கும் இறைப்பு வெயில் ஏறுமுன் முடிந்தாக வேண்டும். ஒரு நாளில் மூவரின் உடல் எவ்வளவு நீரைத் தூக்குமோ அவ்வளவே கிணற்றிலிருந்து வெளியேறும். மறுநாட் காலைக்குள் கிணறு ஊறிவிடும். இங்ஙனம் உடலுழைப்பே நீருக்கு வேலியாய் இருந்தது.

அவ்வேலியை எண்ணி ஏங்குவதற்கும் இடமில்லை. துலா மிதித்தவர்களுட் பலர் அந்நிலத்துக்கு உரியவரல்லர். அதன் விளைவிற் பங்குடையவருமல்லர். சிலர் அக்கிணற்றில் தமக்கென ஒரு வாளி தண்ணீர் அள்ளவும் உரிமை மறுக்கப்பட்டவர்கள். கால் வழுக்கி வீழ்ந்து முடமானோரும் உண்டு. 1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் தோட்டங்களுக்கு வந்தபோது அதனை வரவேற்றதில் தவறேதுமில்லை. ஆனால் உழைப்பின் பாரம் நீங்கியபோது, அவ்வுழைப்பு அறியாமலே செய்துவந்த காவலும் உடன் நீங்கிற்று. அதற்கு ஈடாக வேறொரு காவலை நாம் வைக்கவில்லை. இதுவே இன்றைய துன்பத்தின் வேர்.

நீரிறைப்புக்கு நேர்ந்ததே மண்ணுக்கும் நேர்ந்தது. செம்மண் தோட்டத்துக்கு உரமாயிருந்தவை பூவரசங் குழையும், பனையோலையும், எருவும், ஆட்டுப்பட்டி மாட்டுப்பட்டி அடைத்தலாற் கிடைத்த சாணமுமாம். குழை வெட்டவும், அதனை வண்டியில் ஏற்றவும், அகழி வெட்டித் தாழ்க்கவும் ஆட்கள் வேண்டும். களை பிடுங்கப் பெண்கள் வேண்டும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் வெங்காயமும் மிளகாயும் பொன்போல் விலைபோயின. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் கல்வீடு கட்டியதும் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியதும் அக்காலத்திலேயாம். அதே காலத்தில் ஓராண்டில் ஒரு தோட்டத்திற் பல பயிர் மாறிமாறி விளைந்தன. பசளைப் பைகளும் பெருகின. பின்னர் 1990களின் பொருளாதாரத் தடையின்போது யூரியாவும் எரிபொருளும் தடைப்பட, தோட்டக்காரர் மறுபடியும் குழைக்கும் எருவுக்கும் திரும்பினர். வேலிகளிற் பூவரசு வெட்டப்பட்டது. வறுமை கற்பித்த பாடமாதலால் வறுமை நீங்கியதும் அது மறக்கப்பட்டது. ஏ-9 திறந்தபின் தெற்கிலிருந்து வந்த முதற் பொருள்களுட் பசளையும் களைநாசினியும் அடங்கும்.

போருக்குப் பின்னர் உழைப்பின் நிலை என்னவாயிற்று? இங்கேதான் வீதியும் கிணறும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. போர் எண்ணிறந்தோரைக் கொன்றது; அதனிலும் பலரை நாடு கடக்கச் செய்தது. எஞ்சிய இளைஞருக்கு வீதி அமைப்பிலும் வீடு கட்டுதலிலும் தோட்டத்திலும் பார்க்க அதிக கூலி கிடைத்தது. பெண் பிள்ளைகளுக்குக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் எழுந்த ஆடைத் தொழிற்சாலைகள் மாதச் சம்பளம் அளித்தன. மத்திய கிழக்குக்குப் போனோரும் பலர். மாதச் சம்பளத்தை விட்டு வெயிலிற் களை பிடுங்க வா என யாரும் யாரையும் அழைக்க இயலாது, அழைப்பதும் அறமன்று. எனவே தோட்டக்காரன் என்செய்வான்? பத்துப் பேர் இரண்டு நாட் பிடுங்கும் களையை ஒரு போத்தற் களைநாசினி அரை நாளிற் கருக்குகின்றது. முப்பது வண்டிற் குழைக்கு ஈடாகச் சில பைகள் யூரியா என அவன் கணக்கிடுகின்றான். கை குறைந்த இடத்தை இரசாயனம் நிரப்பியது. அவ்வாறு செய்தவனைப் பேராசைக்காரன் எனத் தூற்றுவோர், அவன் கைக்கணக்கை ஒருமுறையேனும் பார்த்தவரல்லர்.

மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய்ப் பகுதிகளிற் தோட்டம் செய்வோருட் பலர் குத்தகைக்காரர். காணிக்குச் சொந்தக்காரர் கொழும்பிலோ, இலண்டனிலோ, தொறொன்ரோவிலோ இருப்பர். குத்தகை வருடா வருடம் பேசப்படும். மூன்று ஆண்டுகள் கழித்துப் பயன்தரும் குழையை இந்த ஆண்டே வெளியேற்றப்படக்கூடிய ஒருவன் ஏன் தாழ்ப்பான்? அவனுக்கு வேண்டியது இப்போகத்தின் விளைவு. மண்ணின் நலத்தைக் குத்தகையின் காலமே தீர்மானிக்கின்றது என்பதை இம்மலரைக் கடல் கடந்து பெற்றுப் படிக்கும் நண்பர்கள் கவனிப்பார்களாக.

யூரியாவுக்கு என்ன நேர்கின்றது? மண்ணிற் சேர்ந்தபின் அதன் நைதரசன் நைத்திரேற்றாக மாறுகின்றது. பயிர் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதை மண் பற்றி வைத்திருப்பதில்லை. அது நீரிற் கரைந்து இறங்கிவிடுகின்றது. செம்மண் படை மெல்லிது. அதன் கீழே வெடித்த கல். ஐப்பசியின் முதற் பெருமழை பெய்ததும் கோடை முழுவதும் தோட்டத்திற் சேர்ந்திருந்தது கிணற்றை அடைகின்றது. மழைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கிணற்றிலிருந்து இறைத்துப் பாத்தியில் விட்ட நீரின் மிகுதி, உரத்தையும் உப்பையும் சுமந்துகொண்டு அதே கிணற்றுக்கு மீளுகின்றது. மறுநாள் அதனையே இறைக்கின்றோம். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளிற் பல அவ்வெல்லையைக் கடந்துள்ளன என்பதை 1980கள் முதலே ஆய்வாளர் எழுதி வந்துள்ளனர். எல்லை மீறிய நீரைப் போத்தற் பாலிற் கலந்து ஊட்டப்பெறும் சிசுவின் குருதி, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். எமது தாய்மார் கவனமுள்ளவர்கள். நீரைக் கொதிக்கவைத்தே கொடுப்பர். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது, நீர் ஆவியாகக் குறைய அதன் செறிவு சிறிது கூடவே செய்யும். இவ்வொரு செய்தியையேனும் ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டில் இன்றே சொல்லட்டும்.

தோட்டத்தை மாத்திரம் குற்றஞ்சாட்டுதலும் நேர்மையாகாது. திருநெல்வேலி இன்று முழுத் தோட்டக் கிராமமன்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில், 1974இற் பல்கலைக்கழக வளாகம் அமைந்தது. அந்நாள்தொட்டு இவ்வூர் கல்வியூராகியது. போருக்குப் பின்னரோ அதன் வளர்ச்சி பன்மடங்காயிற்று. பலாலி வீதியின் இருமருங்கும் கடைகள் எழுந்தன. மரவள்ளியும் கத்தரியும் நின்ற காணிகள் வீட்டுத்துண்டுகளாயின. இரண்டு பரப்பில் ஒரு வீடும், அவ்வீட்டின் மேல்மாடியில் மாணவருக்கு வாடகை அறைகளும் என்பதே இன்றைய வழக்கம். அந்த இரண்டு பரப்புக்குள் கிணறும் இருக்கவேண்டும். மலசலகூடக் குழியும் இருக்கவேண்டும். அயலவரின் குழி எமது கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதை யாரும் அளப்பதில்லை, மதில் மறைத்துவிடுகின்றது. எட்டுப் பேருக்கென வெட்டிய குழியை இருபது பேர் பயன்படுத்தும்போது, வெடித்த சுண்ணாம்புக்கல் அதனை எங்கே கொண்டுசெல்லும் என ஊகிக்கப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. முற்றங்களுக்குச் சீமெந்துக் கல் பதித்துவிட்டோம். காலில் மண் ஒட்டாது. மழைநீரும் மண்ணுக்குள் இறங்காது, வாய்க்கால் வழியே கடலுக்கு ஓடுகின்றது. குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்களும் கேணிகளும் இருப்பதாகக் கணக்கிடுவர். அவை மாடு குளிப்பாட்ட மாத்திரம் வெட்டப்பட்டனவல்ல. மழையைத் தடுத்து நிறுத்தி நிலத்துக்குட் செலுத்தும் வாயில்கள். அவற்றுட் பல தூர்ந்தும், சில நிரப்பப்பட்டும் போயின.

இவற்றைப் பேச எமக்கு நல்லதொரு தருணம் வாய்த்திருந்தது. திருநெல்வேலிக்கு வடக்கே சில மைல் தொலைவில், அதே நிலத்தடி நீரின்மேல் அமைந்த சுன்னாகத்தில், 2014இலும் 2015இலும் நிகழ்ந்ததைப் பலரும் அறிவர். கிணற்று நீரில் எண்ணெய் மிதக்கின்றது என மக்கள் முறையிட்டனர். அங்கிருந்த அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெயே காரணம் என்றனர். தெருக்களில் நீர்த்தாங்கிகள் வைக்கப்பட்டன. பாடசாலை மாணவரும் வைத்தியரும் மறியலில் இறங்கினர். அறிக்கைகள் வந்தன. ஓர் அறிக்கை எண்ணெய் உண்டு என்றது. வேறோர் அறிக்கை அபாயமில்லை என்றது. எதனை நம்பிக் குடிப்பது என்று தாய்மார் திகைத்தனர். இறுதியில் வழக்கு உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 2019 ஏப்ரிலில் வழங்கப்பட்ட தீர்ப்பு, மின்னுற்பத்தியில் ஈடுபட்ட நொதேர்ண் பவர் கம்பனி பாதிக்கப்பட்ட மக்களுக்கென இரண்டு கோடி ரூபாய் செலுத்தவேண்டும் எனப் பணித்தது. சுற்றாடலை மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறி எமது கிணற்றடிக்கு வந்து சேர்ந்த நாள் அது.

அத்தீர்ப்புக்காக உழைத்தோரை வாழ்த்துகின்றோம். ஆயினும் நடந்ததை நோக்குமிடத்து ஒன்று புலனாகின்றது. மின்நிலையம் வருமுன் அக்கிணறுகளின் நீர் எவ்வாறிருந்தது என்பதற்கு, கிணறு கிணறாக, ஆண்டு ஆண்டாக எழுதிவைத்த கணக்கு எவரிடமும் இருக்கவில்லை. அஃது இருந்திருப்பின், உண்டு இல்லை என்னும் வழக்கு இத்துணைக் காலம் நீண்டிராது. பொல்லாங்கு செய்தவனுக்குத் துணை நிற்பது பணமும் செல்வாக்கும் மாத்திரமன்று. முன்னைய கணக்கு இல்லாமையும் அவனுக்குத் துணையே.

இவ்விடத்தில் ஜப்பானின் கதை நினைவுக்கு வருகின்றது. இரண்டாம் உலகப் போரிற் சாம்பலாகிய அந்நாடு இருபதாண்டுகளுக்குள் எழுந்து நின்ற வேகத்தை எமது பாடப்புத்தகங்கள் வியந்து கூறும். மினமாட்டா என்னும் கடற்கரையூரில், இரசாயனத் தொழிற்சாலையொன்றின் கழிவிலிருந்த பாதரசச் சேர்வை மீன்வழியே மக்களின் நரம்புகளைத் தாக்கியது. நோய் 1956இற் கண்டறியப்பட்டது. தொழிற்சாலையே காரணம் என அரசு ஒப்புக்கொண்டது 1968இல். அதே 1968இற்றான் ஜப்பான் தேசிய உற்பத்தியில் மேற்கு ஜேர்மனியை முந்தியது. பன்னிரண்டு ஆண்டுகளாக உற்பத்திக் கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டது; மீனவரின் நோய் அக்கணக்கில் இடம்பெறவில்லை. எமது நாட்டிலும் போர் முடிந்தபின் 2010, 2011 ஆகிய ஆண்டுகளிற் பொருளாதாரம் எட்டு வீதம் வளர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அதே நாடு அறிவித்தது. கடன் ஏறியது ஏட்டிலாவது தெரிந்தது. நிலத்தடி நீரிடம் நாம் பட்ட கடன் எந்த ஏட்டிலும் இல்லை.

சுற்றாடல் உணர்வு அரசிடமிருந்து வரட்டும் எனக் காத்திருப்போர்க்கு 2021 ஒரு பாடம். அவ்வாண்டு மே மாதத்தில் அசேதனப் பசளையின் இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. நாட்டை முழுவதும் சேதன விவசாயத்துக்கு மாற்றுவதாகக் கூறப்பட்டது. நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. இடைப்பட்ட மாதங்களிற் பயிர் வாடியது, விலை ஏறியது, தோட்டக்காரன் கறுப்புச் சந்தையில் யூரியா தேடினான். சேதனப் பசளை என்பது பையில் வரும் பொருளன்று. அது கால்நடை, மரவேலி, உழைக்கும் கை, ஆறுதலான குத்தகை ஆகிய நான்கும் சேர்ந்து ஆண்டுகள் பல செல்ல உண்டாவது. அந்நான்கையும் இழந்து நிற்பவனுக்கு வர்த்தமானி அறிவித்தலால் எரு கிடைக்காது. அத்தடையால் விளைந்த பெருந்தீங்கு யாதெனில், நல்லதோர் எண்ணத்தின்மீதே தோட்டக்காரருக்கு வெறுப்பு உண்டானமையாம். இனிச் சில காலத்துக்குக் குழை, எரு எனப் பேசுபவனைத் தோட்டவெளியில் ஐயத்துடனேயே பார்ப்பார்கள்.

கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்துவிட்டதே, இனிக் கிணற்றைப் பற்றிக் கவலை ஏன் என வினவுவோரும் உளர். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் நியாயமான அச்சத்தால் தடைப்பட்டபின், மருதங்கேணிப் பகுதியிற் தாளையடியில் அந்நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டிற் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். ஆளொன்றுக்கு நூறு இலீற்றர் வீதம் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் பேருக்குப் போதுமானது. பெரிய உதவியே, மறுப்பதற்கில்லை. ஆனால் தோட்டத்துக்கு அதனைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கரில் ஓரங்குலம் நீர் நிற்கவேண்டுமாயின் நூறு கனமீற்றருக்குச் சற்று மேல் வேண்டும். அந்நிலையத்தின் ஒருநாள் நீர் முழுவதும் ஏறத்தாழ 233 ஏக்கருக்கு ஓரங்குலமாகும். மின்சாரச் செலவையோ கேட்கவேண்டாம். குழாய்நீர் எமது தாகத்தைத் தீர்க்கலாம். திருநெல்வேலிச் சந்தைக்கு ஒரு கத்தரிக்காயையும் அனுப்பமாட்டாது. அன்றியும், குழாய் வந்தபின் கிணறு குப்பைக்குழியாவதைப் பிற நகரங்களிற் கண்டுள்ளோம். குடிக்காத நீரை எவரும் காப்பதில்லை.

பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1954இல் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என வழங்கும் திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர் ஏரியாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்கும் அப்பால் உப்பாற்றுக்கும் நீரைக் கொண்டுசென்று, அதனாற் குடாநாட்டுக் கிணறுகளின் உப்பைக் கீழே தள்ளுவதென்பது அவர் கருத்து. அணைகள் சில கட்டப்பட்டன, தொடுவாய்க்கால் முற்றுப்பெறவில்லை. எழுபதாண்டுகளாகத் தேர்தல்தோறும் அத்திட்டம் நினைவுகூரப்படுகின்றது. அது நிறைவேறுமாயின் முதல் வாழ்த்து எம்முடையதாகும். நிறைவேறும்வரை கைகட்டி இருத்தல் எமக்கு உடன்பாடன்று.

ஆதலின் இவ்விழாவையொட்டிக் கல்லூரிச் சமூகத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். விழாக்கள்தோறும் மண்டபமோ, வளைவோ, மணிக்கூட்டுக் கோபுரமோ எழுப்புதல் பழைய மாணவர் சங்கங்களின் மரபு. அதன் பயனைக் குறைத்துப் பேசோம். மழைநாளில் அம்மண்டபங்களிலேதான் நாமும் ஒதுங்கினோம். இம்முறை அந்நிதியில் ஒரு சிறு பகுதியை வேறொன்றுக்கு ஒதுக்கவேண்டும். அது கிணற்றுப் பதிவேடு ஒன்றாகும். திருநெல்வேலியிலும் அயற்கிராமங்களிலும் இருந்து வரும் எமது மாணவர் தத்தம் வீட்டுக் கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை கல்லூரி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவரல் வேண்டும். நைத்திரேற்றை அளக்கும் சோதனைத் தாள்களும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியும் விலையுயர்ந்தனவல்ல. சோதனைத் தாள் துல்லியமாகக் கூறாது. ஐயத்துக்குரிய கிணற்றை அடையாளம் காட்டப் போதும். அத்தகைய நீரைப் பல்கலைக்கழகத்தாரிடமோ நீர்வழங்கல் சபையாரிடமோ அனுப்பி நுணுக்கமாய் அளப்பித்தல் கூடும். மழைக்கணக்குக்குத் திருநெல்வேலி வானிலை நிலையம் அருகிலேயே உள்ளது. இரசாயனவியல், புவியியல், கணிதம் மூன்றையும் ஒரே கிணற்றடியிற் கற்பிக்கலாம் என்பதை ஆசிரியர்க்கு நாம் கூறவேண்டியதில்லை. கிணற்றுக்குரிய குடும்பத்தின் பெயர் வெளியிடப்படலாகாது, இலக்கம் போதும். தன் கிணறு பழுது என ஊர் அறிவதை எவரும் விரும்பார். மகளுக்குச் சம்பந்தம் பேசும் வீடாயின் கேட்கவே வேண்டாம்.

வெளிநாடுகளில் வாழும் நண்பர்களிடம் பணத்துக்கு மேலாக வேறொன்றை வேண்டுகின்றோம். உங்கள் தோட்டக் காணியைக் குத்தகைக்கு விடும்போது ஓராண்டுக்கன்றி ஐந்தாண்டுகளுக்கு எழுதிக் கொடுங்கள். ஆண்டுதோறும் குழை தாழ்ப்பவனுக்கு அச்செலவின் அளவுக்குக் குத்தகையிற் குறைத்துக்கொள்ளுங்கள். வேலியிற் பூவரசு நிற்கட்டும், மதில் வேண்டாம். விடுமுறைக்கு வந்து தங்கும் வீட்டுக்காக ஆழ்குழாய்க் கிணறு தோண்டுமுன், அது உப்பை மேலிழுப்பது உங்கள் கிணற்றுக்கு மாத்திரமன்று, அயலிலுள்ள பத்துக் கிணறுகளுக்கும் என்பதை எண்ணுங்கள். முற்றத்தில் ஒரு பாதியையேனும் மண்ணாக விடுங்கள். பேரப்பிள்ளைகளின் காலில் மண் ஒட்டினால் கழுவிக்கொள்ளலாம்.

முதலளவை இவ்வாண்டே எடுக்கலாம். ஐப்பசி மழை தொடங்குமுன், கிணறு மிகத் தாழ்ந்திருக்கும் புரட்டாதிக் கடைசியில் ஒருமுறையும், மழை முடிந்து தைப்பொங்கல் கழிந்தபின் ஒருமுறையும் நீர் எடுத்தல் வேண்டும். சோடாப் போத்தலாயின் முதலிற் சுடுநீரால் அலசி, பின்னர் அந்தக் கிணற்று நீராலேயே மும்முறை கழுவி, வாய்வரை நிரப்பி, அன்றே கல்லூரிக்குக் கொண்டுவரல் நன்று. கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்பதைக் கயிறு விட்டு அளந்து, இலக்கத்துடனும் திகதியுடனும் போத்தலில் ஒட்டும் துண்டில் எழுதுதல் வேண்டும். பென்சிலால் எழுதுவதே நலம். மை ஈரத்தில் அழிந்துவிடும்.